ஊற்றுப் பேனையும் தமிழ்க் கையெழுத்தும்

'பேனை' என்று நாம் அன்றாடம் வழங்கும் சொல்லுக்கு அடிப்பொருள் இறகு என்பதாகும். இலத்தீன் மொழியில் 'பென்னா' என்றால் இறகு. போர்த்துக்கேயரின் 'பேனா'வும் இறகுதான். தனித்தமிழ் அன்பர்கள் பேனையைத் 'தூவல்' என்பார்கள். அதுவும் பறவையின் இறகைக் குறித்த பழஞ்சொல்லே. ஆனால் தமிழர் இறகால் எழுதத் தொடங்கியவர்கள் அல்லர். இரும்பு எழுத்தாணியைக் கையிலே பிடித்து, பனையோலையைக் கீறி எழுதியவர்கள். மை பிறகு வந்தது. அதுவும் எழுதுவதற்கு அன்று, எழுதியதைக் கண்ணுக்குக் காட்டுவதற்கு. கீறிய ஏட்டின்மேல் கரியும் இலைச்சாறும் பூசித் துடைத்தால், கீறலுக்குள் மட்டும் கறுப்பு நிற்கும்.

இலக்கிய நிகழ்ச்சியிலே பேனைக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். எழுதுகருவி எழுத்தின்மேல் தன் அடையாளத்தைப் பதித்தே செல்கிறது என்பதுதான் என் விடை. ஒரு சான்று சொல்கிறேன். மெய்யெழுத்துக்குப் புள்ளி இட வேண்டும் என்பது தொல்காப்பியர் விதித்த விதி. ஆயினும் ஏடெழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எழுத்தாணி முனையால் புள்ளி குத்தினால் ஓலையிலே துளை விழும். துளையிலிருந்து ஓலை கிழியும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றும். 'மெய்' என்பதும் 'மேய்' என்பதும் ஏட்டிலே ஒரே வடிவம். இடம் பார்த்து, பொருள் பார்த்து, யாப்புப் பார்த்துத்தான் சொல்லைப் பிரித்தறிய வேண்டும். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் ஏகார ஓகார வடிவங்களைத் திருத்தினார். ஆறுமுகநாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏட்டிலிருந்து அச்சுக்கு நூல்களைக் கொண்டுவந்தபோது பட்ட பாட்டிலே, இந்தப் புள்ளியில்லாத எழுத்தோடு பட்ட பாடும் அடங்கும். தாளும் மையும் வந்தபின்னர்தான் புள்ளி அச்சமின்றி நம் எழுத்தின்மேல் வந்து அமர்ந்தது.

தாளோடு வந்தது தொட்டெழுதும் பேனை. ஒரு மரத்தண்டு, அதன் நுனியில் ஓர் உருக்கு நிப்பு, பக்கத்திலே மைக்கூடு. பழைய பாடசாலை மேசைகளில் மைக்கூடு வைப்பதற்கென்றே வட்டக் குழி இருந்ததை மூத்த நேயர்கள் நினைவுகூர்வார்கள். சில சொற்கள் எழுதினால் மை தீர்ந்துவிடும். மீண்டும் தொட வேண்டும். சிந்தனை ஓடிக்கொண்டிருக்கும்போது கை மட்டும் மைக்கூட்டுக்குப் போய்வரும். எங்கள் திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கொள்ளப்படும் 'மோகனாங்கி'யை 1895இல் வெளியிட்டார். அந்தக் காலத்திலே ஊற்றுப் பேனை உலகச் சந்தைக்கு வந்து பத்தாண்டுதான் ஆகியிருந்தது.

மையைத் தன் வயிற்றிலேயே வைத்திருக்கும் பேனையைச் செய்யப் பலர் முயன்றார்கள். சிக்கல் மையை அடைப்பதில் அன்று, அளவாக விடுவதில் இருந்தது. ஒன்று மை வராது. அல்லது குபுக்கென்று கொட்டிவிடும். நியூயோர்க்கைச் சேர்ந்த லூயிஸ் எட்சன் வோட்டர்மன் 1884இல் காப்புரிமை பெற்ற பேனையே இந்தச் சிக்கலை நடைமுறையில் தீர்த்தது. அதன் இயக்கத்தை நம் வீட்டுப் பொருள்களைக் கொண்டே விளக்கலாம்.

குத்துவிளக்கின் திரி எண்ணெயைத் தானே மேலே இழுக்கிறது அல்லவா? மிக ஒடுங்கிய இடைவெளிக்குள் திரவம் தானாக ஏறிச்செல்லும். இதனையே விஞ்ஞான பாடத்தில் மயிர்த்துளைத் தாக்கம் என்கிறார்கள். நிப்பின் நடுவிலுள்ள பிளவு அத்தகைய ஒடுங்கிய வழி. நிப்புக்கு அடியிலே ஒட்டிக்கிடக்கும் கறுப்பு நிறத் துண்டை நாங்கள் 'நாக்கு' என்போம். அந்த நாக்கிலே நூல்போன்ற வாய்க்கால்கள் வெட்டப்பட்டிருக்கும். மை அவ்வழியே நிப்பின் பிளவுக்கு வந்து, தாள் தொட்டதும் தாளுக்கு இறங்குகிறது. இது பாதிக் கதைதான். ரின்பால் பேணியில் ஒரு துளை மட்டும் இட்டுக் கவிழ்த்தால் பால் ஒழுங்காக வராது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு துளை இட வேண்டும். வெளியேறும் பாலின் இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும் என்பதே காரணம். வோட்டர்மன் செய்தது இதுதான்: மை கீழே வரும்போதே காற்று சிறிது சிறிதாக மேலே செல்ல வழி அமைத்தார். ஊற்றுப் பேனை எழுதுவது மையும் காற்றும் இடம் மாற்றிக்கொள்ளும் இந்தச் சமரசத்தினால்தான்.

இதை அறிந்தால், சட்டைப்பையில் மை கசிவதன் காரணமும் விளங்கும். பேனையில் மை குறையக் குறைய உள்ளே காற்று கூடும். நம் உடற்சூட்டினால் அந்தக் காற்று விரியும். விரிந்த காற்று மையை வெளியே தள்ளும். ஆகவே மை நிறைந்த பேனையைவிட, முக்கால் பங்கு காலியான பேனைதான் அதிகம் கசியும். திருகோணமலை வெயிலில் சைக்கிள் ஓடி வருகின்ற ஆசிரியர்களுக்கு நான் சொல்லும் அறிவுரை ஒன்றே: காலையிலே நிரப்பிக்கொண்டு வாருங்கள், நிப்பு மேல்நோக்கி இருக்கும்படி செருகுங்கள்.

தமிழ் எழுதுவதற்கு எந்தப் பேனை உகந்தது? இருபது ஆண்டுகளாகக் கொப்பி திருத்துகிறவன் என்ற முறையிலே எனக்குச் சில விருப்பங்கள் உண்டு. நம் எழுத்துக்களில் சுழிகள் அதிகம். ண, ணை, ஞ, இ, ஐ ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். தடித்த நிப்பால் சிறிதாக எழுதினால் சுழியின் வயிறு அடைபட்டுப்போகும். மெய்யின் புள்ளி கீழே உள்ள எழுத்தோடு கலந்துவிடும். ஆகையால் நாளாந்த எழுத்துக்கு மெல்லிய நிப்பே சிறந்தது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரு சிறு சதுரத்துக்குள் பல கோடுகளை அடக்க வேண்டிய எழுத்துமுறை உடைய யப்பானியரும் சீனரும் செய்யும் 'மெல்லிய' நிப்பு, ஐரோப்பியரின் 'மெல்லிய' நிப்பைவிட இன்னும் மெல்லியது. அவர்களது தேவையும் நமது தேவையும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன. 1918இல் தோக்கியோவில் தொடங்கிய பைலட் நிறுவனத்தின் உருக்கு நிப்புப் பேனை ஒன்றுதான் என் கொப்பி திருத்தும் பேனை. மலிவான தாளிலும் அது மையை அதிகம் பரவவிடுவதில்லை.

என் தந்தையார் பாவித்தது ஹீரோ 616. நம் நாட்டிலே இந்தப் பேனையை அறியாத ஆசிரியர் குடும்பம் அரிது. மூடிய நிப்பு, உலோக மூடி, உள்ளே அழுத்தி மை இழுக்கும் குழாய். 1931இல் ஷங்காயில் தொடங்கிய தொழிற்சாலையின் வழிவந்தது இது. இதன் உருவத்துக்கு மூலம் அமெரிக்காவின் பார்க்கர் 51. பார்க்கர் கம்பனியின் 51ஆம் ஆண்டாகிய 1939இல் உருவாக்கி முடித்து, 1941இல் விற்பனைக்கு விட்ட பேனை அது. நிப்பின் பெரும்பகுதி உறைக்குள் மறைந்திருப்பதால் முனையில் மை இலகுவில் காய்வதில்லை. வெப்ப நாட்டவருக்கு இது பெரும் வசதி. எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு சொல்லுக்காக யோசித்து நிற்பவர்களுக்கு, அதாவது நம்மில் பெரும்பாலானோருக்கு, இவ்வகைப் பேனை மிகவும் ஏற்றது.

இந்தியாவின் பேனைக் கதை சுதேசி இயக்கத்தோடு பின்னிப்பிணைந்தது. ஆந்திராவின் ராஜமுந்திரியில் 1932இல் கே. வி. ரத்னம் தொடங்கிய பட்டறை, வெளிநாட்டுப் பொருள் கலவாத பேனையைச் செய்ய முயன்றது. அப்பேனையைப் பெற்ற காந்தியடிகள் 1935இல் பாராட்டிக் கடிதம் எழுதினார். சென்னைப் பாரிமுனைப் பகுதியில் 1920களில் தொடங்கிய ஜெம் அன்ட் கோ என்ற கடை, தமிழ்நாட்டுப் பேனைப் பிரியர்களுக்கு யாத்திரைத்தலம் போன்றது. மு. கருணாநிதி விரும்பிப் பாவித்த வாலிட்டிப் பேனைகள் அவருக்கு அங்கிருந்தே சென்றன. திருவள்ளூரில் ரங்கா பேனைகளைச் செய்யும் குடும்பத்தார், எபனைற்றுத் தண்டைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி, கையாலேயே கடைந்து பேனை செய்கிறார்கள். அத்தகைய பேனை ஒன்றுக்குக் கண்மருந்து விடுவதுபோலத் துளிக்குழாயால் மை நிரப்புவேன். ஒரு கிழமைக்கு மேல் தாங்கும் அளவு மை கொள்ளும். நீண்ட கட்டுரை எழுத அதனைவிடச் சிறந்த பேனையை நான் கண்டதில்லை. ஆனால் நம் சித்திரை வெயிலிலே அது பாதி காலியானால் கட்டாயம் ஒரு துளி சிந்தும். நிறையையும் குறையையும் சேர்த்தே சொல்வதுதான் முறை.

இனிச் சேகரிப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். துறைமுகப் பட்டினங்களில் பழைய பேனைகள் தங்கிப்போவது இயல்பு. திருகோணமலை 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம். டொக்யாட் கந்தோர்களில் இலிகிதர்களாக இருந்தோர் பலர். அத்தகைய ஒருவரின் குடும்பத்தார், 'எங்களிட்டக் கிடந்து பழுதாப் போறதைவிட வாத்தியாரிட்ட இருக்கட்டும்' என்று எனக்குத் தந்த கொன்வே ஸ்டுவர்ட் பேனை என் சேகரிப்பிலே முதன்மையானது. 1905இல் இலண்டனில் தொடங்கிய நிறுவனம் அது. பக்கத்திலுள்ள சிறு நெம்பைத் தூக்கினால், உள்ளேயுள்ள றப்பர் பை அமுங்கும். விட்டால் பை விரிந்து மையை இழுக்கும். என் கைக்கு வந்தபோது அந்தப் பை காய்ந்த கீல்போல இறுகி உடைந்திருந்தது. புதிய றப்பர் பையை அரக்கு வைத்து ஒட்டியதும் பேனை மீண்டும் எழுதியது. நம் தீவுக்கு றப்பர் கன்றுகள் 1876இல் ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன என்பதையும், பழைய பேனைகளின் உயிர்நாடி றப்பரே என்பதையும் சேர்த்து எண்ணும்போது, அந்தச் சிறு பை எனக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை. பையுக்குள் இருப்பதும் றப்பர். கறுத்த பேனைத்தண்டாகிய எபனைற்றும் கந்தகம் சேர்த்து இறுக்கிய றப்பர்தான்.

உப்புக்காற்று வீசும் ஊரிலே சேகரிப்போர் மூன்று செய்திகளை மனங்கொள்ள வேண்டும். முதலாவது, பழைய பேனைக்குள் இருக்கும் உருக்குத் தகடு, நெம்பு போன்றவை துருப்பிடிக்கும். தங்கநிப்பு துருப்பிடியாது, மையிலுள்ள அமிலம் அதனைத் தின்னாது. நிப்பிலே 14 கரட் என்றோ 585 என்றோ பொறித்திருந்தால் அது தங்கம். ஆயினும் தாளில் உராயும் நுனியில் தங்கம் இல்லை. தங்கம் மென்மையானது, தேய்ந்துவிடும். ஆகவே மிகக் கடினமான வேறோர் உலோகக் கலவையின் மணி ஒன்றை அந்த நுனியிலே ஒட்டியிருப்பார்கள். அந்த மணி தேய்ந்துபோன பேனையை விலைகொடுத்து வாங்காதீர்கள். இரண்டாவது, எபனைற்றுப் பேனை வெயிலிலும் ஈரத்திலும் கிடந்தால் கறுப்பு நீங்கிப் பழுப்பேறும். வெந்நீர் படவே கூடாது. மூன்றாவது, பளிங்கு வரி ஓடிய பழைய வண்ணப் பேனைகள் பல செலுலோயிட்டால் ஆனவை. செலுலோயிட்டில் கற்பூரம் கலந்திருக்கிறது. மூடியைத் திறந்து மோந்தால் சிலவற்றில் வாசனை தெரியும். கற்பூரத்தைப் போலவே இதுவும் எளிதில் தீப்பற்றும். விளக்கடியில் வைக்காதீர்கள். காற்றுப்புகாத பெட்டியில் அடைக்காமல், துணியில் சுற்றி வையுங்கள். மாரி காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று அருகில் இருப்பது நல்லது.

பேனையைப் பற்றி இவ்வளவு பேசியவன் மையைப் பற்றிப் பேசாவிட்டால் உரை முழுமை பெறாது. உண்மையைச் சொன்னால், பேனையைவிட மையே முக்கியம். இதனை எனக்குக் கற்பித்தது 2004 டிசெம்பர் 26.

அன்று கடல் திருக்கடலூர்ப் பக்கம் புகுந்தபோது எங்கள் பெரியம்மாவின் வீட்டுக்குள்ளும் நீர் ஏறியது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கட்டிலுக்குக் கீழே இருந்த தகரப்பெட்டி இரண்டு நாள் உப்புநீரில் கிடந்தது. பெரியப்பா கொழும்பிலே வேலைபார்த்த காலத்தில் எழுதிய கடிதங்கள் அதற்குள்ளேதான் இருந்தன. அவர் காலமாகி அப்போது பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நானும் பெரியம்மாவும் கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் திண்ணையில் காயவைத்தோம். பெரும்பாலானவை வெறுந்தாள். மங்கலான நீலக் கறை மட்டும் இருந்தது. ஓர் எழுத்தும் இல்லை. 'எழுத்தெல்லாம் கடலோட போயிற்றுது தம்பி, கடதாசிதான் திரும்பி வந்திருக்கு' என்றார் பெரியம்மா. அதே பெட்டியில் இருந்த பெரியப்பாவின் பழைய கணக்குக் கொப்பி ஒன்று நீலக்கறுப்பு மையால் எழுதப்பட்டது. அதில் அரிசி, மண்ணெண்ணெய், சந்தா என்று ஒவ்வொரு வரியும் தெளிவாக இருந்தது. குமிழ்முனைப் பேனையால் எழுதிய கடைசிக் கடிதங்கள் இரண்டும் தப்பியிருந்தன. அன்புமொழிகள் அழிந்து, அரிசிக்கணக்கு எஞ்சியது. அன்று தொடக்கம் மையின் வேதியியலைத் தேடிப் படித்தேன்.

நீல மை பெரும்பாலும் நீரில் கரைந்த சாயம். சட்டையில் பட்டால் கழுவிப் போக்கலாம் என்பதே அதன் பெருமை. அதுவே அதன் குறையும் ஆகும். வெயிலிலும் அது வெளிறும். நீலக்கறுப்பு என்று வழங்கிய பழைய மை வேறு வகை. மாசிக்காயின் துவர்ப்புச் சத்தையும் அன்னபேதியையும் சேர்த்தால் கிடைப்பது அது. நாட்டுமருந்துக் கடையிலே இன்றும் வழங்கும் பெயர்கள்தாம் இரண்டும். எழுதும்போது இந்தக் கரைசல் வெளிறியே இருக்கும். எழுதுவது கண்ணுக்குத் தெரிவதற்காக நீலச்சாயம் சேர்ப்பார்கள். தாளில் பட்டபின் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து கறுத்து, நீரில் கரையாத பொருளாகித் தாளின் நாருக்குள் இறுகிவிடும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகச் சாசனங்களும் பதிவேடுகளும் இம்மையாலேயே எழுதப்பட்டன. குமிழ்முனைப் பேனையின் மையோ எண்ணெய்ப்பசை கொண்டது. அதனாலே நீரைத் தாங்குகிறது. லாஸ்லோ பீரோ 1938இல் காப்புரிமை பெற்ற அக்கருவியை ஊற்றுப் பேனைப் பிரியர்கள் இகழ்வதுண்டு. நான் இகழ்வதில்லை. பெரியம்மாவுக்கு இரண்டு கடிதங்களைக் காப்பாற்றிக் கொடுத்தது அதுதான்.

ஆகவே எழுதுகின்ற அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. நாளாந்தக் குறிப்புக்கும் கொப்பி திருத்தவும் எந்த மையும் ஆகும். நிலைக்க வேண்டியதை, அதாவது நாட்குறிப்பு, குடும்பக் கடிதம், கவிதையின் செம்பிரதி ஆகியவற்றை, நிலைக்கும் மையால் எழுதுங்கள். போத்தலில் 'நீலக்கறுப்பு' என்று அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது. இன்று அப்பெயரில் வரும் பல மைகள் வெறும் சாயமே. நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு தாளில் நாலு வரி எழுதி, ஒருநாள் முழுவதும் காயவிடுங்கள். மறுநாள் தாளின் பாதியை ஒரு கோப்பை நீரில் கால்மணி நேரம் ஊறவையுங்கள். எடுத்துப் பார்த்தால் உண்மை தெரியும். நிலைக்கும் மையைப் பாவிப்போர் பேனையைச் சும்மா காயவிடலாகாது. இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை குளிர்ந்த நல்ல நீரால், கறுப்பு நீங்கும்வரை கழுவ வேண்டும். சித்திரம் வரைபவர்களின் கரி மையை ஊற்றுப் பேனைக்குள் ஒருபோதும் விடாதீர்கள். மயிர்த்துளை வாய்க்கால் அடைபட்டால் பேனை மீளாது.

மாணவர்களுக்கு நான் ஊற்றுப் பேனையைக் கட்டாயப்படுத்துவதில்லை. பரீட்சை மண்டபத்தில் மூன்று மணிநேரம் விரைந்து எழுதவேண்டிய பிள்ளைக்குக் குமிழ்முனைப் பேனையே உதவும். ஆனால் உயர்தர வகுப்பிலே ஆண்டுக்கு ஒருமுறை, வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டறிந்த செய்தியை நல்ல மையால் ஒரு புல்ஸ்காப் தாளில் எழுதிவரச் சொல்வேன். ஊற்றுப் பேனையை அழுத்தத் தேவையில்லை. அழுத்தினால் நிப்பு விரியும். அழுத்தாமல் எழுதும்போது கை தளர்கிறது, எழுத்து வட்டமாகிறது, புள்ளி தன் இடத்தில் விழுகிறது. ஓலை கிழியுமென்று நம் முன்னோர் விட்டுவைத்த புள்ளியை, பிள்ளைகள் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். அதைத் திரும்பக் கொண்டுவருவதற்கு இதுவும் ஒரு வழி.

சேகரிப்பு என்றால் விலையுயர்ந்த பேனைகளை அடுக்கிவைப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சேகரிப்பு ஏற்கெனவே இருக்கிறது. அது அலுமாரியின் மேற்தட்டில், சாமியறையில், தகரப்பெட்டியில் கட்டாகக் கிடக்கும் கையெழுத்து. அதனை ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். மெல்லிய நீலமாக வெளிறிவரும் கடிதங்களை முதலில் தனியாகப் பிரியுங்கள். அவற்றைப் படமெடுத்து வையுங்கள். இயன்றால் நிலைக்கும் மையால் ஒரு பிரதியும் எழுதுங்கள். தரையிலே வைக்காமல் உயரத்தில் வையுங்கள். ஏட்டைக் கறையான் தின்னுமுன் பிரதிசெய்து வைத்தவர்களால்தான் சங்க இலக்கியம் நமக்குக் கிடைத்தது. நம் வீட்டு எழுத்துக்கும் அந்தக் கடமையைச் செய்ய ஒரு பேனையும் ஒரு போத்தல் நல்ல மையும் போதும்.